பெற்றோருக்கு ஒரு மணி நேரம்: பதின்பருவப் போதைப் பழக்கமும் குறுகிய ஆலோசனையில் குடும்பத்தின் இடமும்

1. விசாரணையா, ஆலோசனையா?

மாணவன் ஒருவனின் பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் அகப்பட்டால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முதலில் வரும் உத்தரவு "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பதுதான். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் தந்தையோ தாயோ கைகட்டி நிற்பார், பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், டி.சி. என்ற சொல் ஒருமுறையாவது காதில் விழும். அண்மைக் காலமாக இந்தச் சடங்கோடு 'கவுன்சலிங்' என்பதும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பெற்றோர் வந்தாக வேண்டும் என்பதில் ஆசிரியர், காவல்துறை, மருத்துவர் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. வந்த பிறகு அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. கண்டிக்கவேண்டும், கண்காணிக்கவேண்டும், இனிமேல் நடக்காது என்று எழுதிக் கொடுக்கவேண்டும்: பொதுவாக எதிர்பார்க்கப்படுவது இவ்வளவே.

இரண்டு மூன்று அமர்வுகளில் முடிந்துவிடும் குறுகிய ஆலோசனையில் பெற்றோரைச் சேர்ப்பதால் பதின்பருவத்தினரின் போதைப் பழக்கம் கூடுதலாகக் குறைகிறதா, குறைகிறது என்றால் எந்த வழியாகக் குறைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், பெற்றோரைச் சேர்ப்பதால் பலன் உண்டு. அது மிதமான பலன். அந்தப் பலன் பெற்றோர் காவலராக மாறுவதால் வருவதாகத் தெரியவில்லை. பிள்ளை பேச முன்வரும்போது அதை எதிர்கொள்ளும் விதத்தைப் பெற்றோர் சற்றே மாற்றிக்கொள்வதால் வருகிறது என்று கொள்வதற்கே இடம் அதிகம். அப்படியானால் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைக்கும் இன்றைய முறை, பலன் தரக்கூடிய வழியையே முதலில் அடைத்துவிடுகிறது.

2. இரு கோடிகளுக்கு நடுவில்

2019இல் இந்தியாவில் நடந்த உலக இளைஞர் புகையிலை ஆய்வின்படி, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர். அதே ஆண்டு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் வெளியிட்ட நாடுதழுவிய ஆய்வு வேறொன்றைக் கவனப்படுத்தியது. பெரியவர்களைவிடச் சிறாரிடம் அதிக விகிதத்தில் காணப்பட்ட ஒரே வகை, பசை, தின்னர் போன்ற முகரும் பொருள்கள். இந்தச் சிறார் எல்லோரும் அடிமை நிலையில் இருப்பவர்கள் அல்லர். வாரத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு பீர், பரீட்சை நேரத்தில் உதட்டுக்குள் ஒரு புகையிலைப் பொட்டலம், எப்போதாவது கஞ்சா என்று இருப்பவர்களே பெருந்தொகையினர். நம்மிடம் ஒரு கோடியில் விழிப்புணர்வுப் பேரணியும் உறுதிமொழியும் இருக்கின்றன. மறுகோடியில் போதை மறுவாழ்வு மையம் இருக்கிறது. பேரணியால் திருந்தாத, மையத்தில் சேர்க்கும் அளவுக்கு முற்றாத பிள்ளைக்கு நடுவில் எதுவும் இல்லை.

குறுகிய ஆலோசனை இந்த நடுவிடத்துக்கானது. அதன் வேர், 1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிப்பழக்கம் உள்ள பெரியவர்களுக்காக முன்வைத்த ஊக்க நேர்காணல் முறையில் இருக்கிறது. 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அவர் அதை நூலாக விரித்தெழுதினார். ஆலோசகர் வாதாடுவதில்லை, பயமுறுத்துவதுமில்லை. குடிப்பதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று எதிரில் இருப்பவரையே சொல்லவைத்து, மாற்றத்துக்கான காரணங்களை அவர் வாயிலிருந்தே வரவழைக்கிறார். எமிலி டானர்-ஸ்மித்தும் மார்க் லிப்சியும் 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மதுவுக்கான இத்தகைய குறுகிய ஆலோசனைகளை 185 ஆய்வு மாதிரிகளில் அலசியது. பதின்பருவத்தினரிடம் குடிக்கும் அளவும் அதனால் எழும் சிக்கல்களும் சிறிதளவு, ஆனால் மெய்யாகவே, குறைந்தன என்பதும் அந்தக் குறைவு ஓராண்டு வரை நீடித்தது என்பதும் அதன் முடிவு.

இதற்கு மாறான குரலும் உண்டு. பள்ளிகளில் நடத்தப்படும் குறுகிய ஆலோசனைகளைப் பற்றிய காக்ரேன் மதிப்பாய்வு (தாரா கார்னி குழுவினர், 2014, திருத்தம் 2016), வெறும் தகவல் கொடுப்பதைவிட இவை மேலானவை என்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை என்றது. மதிப்பீடு மட்டுமே செய்யப்பட்ட மாணவர்களோடு ஒப்பிடும்போது பலன் தெரிந்தது; சான்றின் தரம் தாழ்வானது என்றும் அந்த மதிப்பாய்வு குறிப்பிட்டது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல், 12 முதல் 17 வயது வரையிலானோருக்குப் போதைப்பொருள் பயன்பாடு குறித்துக் கேட்டறியும் பரிசோதனையைச் செய்யலாம் என்றோ வேண்டாம் என்றோ பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. பெற்றோரைச் சேர்ப்பது பற்றிய விவாதத்தை, அடித்தளமே இன்னும் முழுதாக இறுகவில்லை என்ற நினைவோடுதான் நடத்தவேண்டியிருக்கிறது.

3. மினசோட்டா சோதனைகள்

பெற்றோர் அமர்வின் பலனைத் தனியே பிரித்துக் காட்ட முயன்றவர்களில் முக்கியமானவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கென் வின்டர்ஸ். அவர் உருவாக்கிய 'டீன் இன்டர்வீன்' திட்டத்தில் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர அமர்வுகள் இரண்டு, ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் நடக்கின்றன. பெற்றோருக்கு ஒரே ஓர் அமர்வு. அது பிள்ளை இல்லாமல், தனியாக நடக்கிறது. 2007இல் லைட்டனுடன் இணைந்து அவர் வெளியிட்ட முதல் சோதனையில் 79 மாணவர்கள் மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர்: பிள்ளைக்கு மட்டும் ஆலோசனை, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை, மதிப்பீடு மட்டும். 2012இல் வெளியான பெரிய சோதனையில் 315 மாணவர்கள் இருந்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆலோசனை பெற்ற இரு குழுக்களும் பெறாத குழுவைவிட நல்ல நிலையில் இருந்தன. பெற்றோர் அமர்வும் சேர்ந்த குழு, சில அளவைகளில் மட்டும், பிள்ளைக்கு மட்டும் ஆலோசனை தந்த குழுவையும் விஞ்சியது.

இந்தச் 'சில அளவைகளில் மட்டும்' என்பதைச் சட்டென்று தாண்டிப் போய்விடக் கூடாது. பெற்றோர் அமர்வு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிடவில்லை. முடிவுகள் பெரிதும் மாணவர்களின் சொந்த வாக்குமூலத்தைச் சார்ந்தவை. திட்டத்தை உருவாக்கியவரே அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட சோதனைகளில் பலன் சற்றுப் பெரிதாகத் தெரிவது இத்துறையில் பலமுறை பேசப்பட்ட விஷயம். ஆய்வில் சேரச் சம்மதித்த குடும்பங்கள்தான் ஆய்வில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கூப்பிட்டால் வரக்கூடிய பெற்றோர் ஏற்கெனவே பாதி தூரம் வந்தவர்கள்.

ரோட் தீவில் அந்தோனி ஸ்பிரிட்டோ குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனை வேறொரு களத்திலிருந்து இதே திசையைக் காட்டுகிறது. குடித்த நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 13 முதல் 17 வயது வரையிலான 125 பேரில் ஒரு பாதிக்குத் தனி ஆலோசனை மட்டும்; மறுபாதிக்கு அதோடு, தாமஸ் டிஷியன் வடிவமைத்த குடும்பப் பரிசோதனை அமர்வும். இரு பிரிவினரிடமும் குடி குறைந்தது. குடும்பத்தைச் சேர்த்த பிரிவில், ஒரே தடவையில் மிதமிஞ்சிக் குடிப்பது மூன்றாம் மாதத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தது. காலம் செல்லச் செல்ல இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு மங்கியது. ஒரு மணி நேரத்துக்கு ஓராண்டு தாங்கும் வலு இல்லை என்று இதைப் படிக்கலாம். முதல் மூன்று மாதம் ஆபத்து மிகுந்த காலம் என்பதால் அந்தப் பலனே போதும் என்றும் படிக்கலாம். பள்ளி நிலையில் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது, கூடுதல் செலவு அவ்வளவு குறைவு என்பதால்.

4. பலன் எந்த வழியாக வருகிறது?

வின்டர்ஸ் குழு 2012 ஆய்வில் நான்கு வழிகளைச் சோதித்தது: பிள்ளையின் மாறும் விருப்பம், சிக்கல் தீர்க்கும் திறன், பெற்றோரின் வளர்ப்பு முறை, பிறகு தேடிப் பெற்ற கூடுதல் ஆலோசனை. பெற்றோரின் வளர்ப்பு முறை விளைவுக்கு இடைவழியாக இருந்தது என்பதற்கு ஆதரவு கிடைத்தது. ஆனால் 'வளர்ப்பு முறை' என்பது ஒரு மூட்டை. அதற்குள் கண்காணிப்பும் இருக்கிறது, உரையாடலும் இருக்கிறது, பெற்றோரின் சொந்தப் பழக்கமும் இருக்கிறது. மூட்டையை அவிழ்க்கப் போதை ஆய்வுகளுக்கு வெளியே போகவேண்டும்.

ஸ்வீடன் நாட்டின் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. அதுவரை, பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே வழி தவறுகிறார்கள் என்ற முடிவு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது; அதைக் கண்காணிப்பின் வெற்றி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டனர். 14 வயதுடைய 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்த இவ்விருவரும், அந்தத் தெரிதல் பெற்றோருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டனர். விசாரித்தோ கட்டுப்படுத்தியோ வந்ததைவிட, பிள்ளை தானாகச் சொன்னதிலிருந்து வந்ததே அதிகம். தவறான போக்குகள் குறைவதோடு நெருக்கமாக இணைந்திருந்ததும் பிள்ளை தானாகச் சொல்வதுதான். இதற்கு எதிர்வாதங்கள் பிறகு வந்திருக்கின்றன: நல்ல பிள்ளைகள் சொல்வதற்குத் தயங்குவதில்லை, ஆகவே காரணம் எது விளைவு எது என்று பிரிப்பது கடினம் என்பது அவற்றில் முக்கியமானது. நியாயமான ஐயம். ஆனாலும் கண்காணிப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரு வேறு காரியங்களைப் போட்டுக் குழப்பியிருந்தோம் என்பதை அந்த ஆய்வு மறுக்கமுடியாதபடி காட்டிவிட்டது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் புழங்கும் பொருளையே எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். "எங்கே, வாயை ஊதிக் காட்டு" என்பது நம் வீடுகளின் பழைய சோதனை. பீடிக்கும் பிராந்திக்கும் அது பலித்தது. கூல் லிப் போன்ற பொட்டலப் புகையிலை உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. புகை கிடையாது, துப்பவேண்டியதில்லை, புதினா வாசனை வேறு. வகுப்பு நடக்கும்போதே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 2013 முதல் குட்காவும் பான்மசாலாவும் தடைசெய்யப்பட்ட மாநிலத்தில், 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த ஒரு பொருள் மாணவரிடையே பரவுவது குறித்துத் தனியே கவலை தெரிவிக்கவேண்டியிருந்தது. வலிநிவாரணி மாத்திரைகளிலோ வாசனைக்கே இடமில்லை. பையைத் துழாவியும் வாயை முகர்ந்தும் கண்டுபிடிக்கக்கூடிய காலம் கடந்துவருகிறது. பெற்றோருக்குத் தெரியவருவதெல்லாம், பிள்ளை சொன்னால்தான் தெரியவரும்.

சொல்லும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே பெற்றோர் அமர்வின் உண்மையான பாடப்பொருள். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் போடுறான்ம்மா" என்று ஒரு பையன் சாப்பிடும்போது தொடங்குகிறான். "யாரு அவன்? இனிமே அவன்கூடச் சேராதே. நீயும் போட்டியா? உண்மையைச் சொல்லு" என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது; அடுத்த முறை அவன் வாயே திறக்கமாட்டான். "அப்படியா, அவன் கொடுத்தா நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டால் பேச்சு நீள வாய்ப்பிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒருவரின் குணத்தை மாற்றமுடியாது. இந்த ஒரு பதிலை மாற்றப் பழக்கமுடியும். எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வரவேண்டும், மீறினால் என்ன என்பதை இருவரும் பேசி முடிவுசெய்வதும் அதில் அடங்கும். விதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்பாராத நேரத்தில் விழும் அடிக்கும், முன்கூட்டியே தெரிந்த விதிக்கும் வேறுபாடு உண்டு.

5. எதிர்நிற்கும் வாதங்கள்

முதல் மறுப்பு சான்றுகளிலிருந்தே எழுகிறது. 2004இல் மைக்கேல் டென்னிஸ் குழுவினர் வெளியிட்ட கஞ்சா பயன்படுத்தும் இளையோர் சிகிச்சை ஆய்வு, இத்துறையின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று. 600 பேர், ஐந்து விதமான சிகிச்சைகள். குடும்பத்தைத் தொடாத ஐந்து அமர்வுச் சிகிச்சையும், விரிவான குடும்பச் சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவு பலனைத் தந்தன. பன்னிரண்டு அமர்வுச் சிகிச்சையோடு பெற்றோர் வகுப்புகளையும் வீட்டு வருகைகளையும் சேர்த்துப் பார்த்த பிரிவும் செலவுக்கேற்ற கூடுதல் பலனைக் காட்டவில்லை. அப்படியானால் பெற்றோரை எதற்காக இழுக்கவேண்டும்?

இந்த மறுப்பைப் பூசிமெழுக முடியாது. குடும்பச் சிகிச்சையே மற்றவற்றைவிட மேல் என்ற தொகுப்பாய்வு ஒன்று 2013இல் வந்திருக்கிறது. அதை இதன்மேல் எறிந்து கணக்கை நேர்செய்துவிடலாம்தான். ஆனால் டென்னிஸ் ஆய்வை அதன் சொல்படியே எடுத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். குடும்பத்தை எவ்வளவு அதிகமாகச் சேர்க்கிறோமோ அவ்வளவு பலன் என்ற கணக்கு அங்கே உடைகிறது. அது உடைவதால் குறுகிய பெற்றோர் அமர்வின் வாதம் வலுவிழக்கவில்லை. அதிக மணி நேரம் என்பதைவிட அந்த நேரத்தில் எது நடக்கிறது என்பதே பொருட்டு என்று ஆகிறது. செலவு மிகுந்த சேர்க்கைக்கு எதிரான சான்று, ஒரு மணி நேரச் சேர்க்கைக்கு எதிரான சான்றாகிவிடாது. அதற்கு ஆதரவாகவும் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இரண்டாவது மறுப்பு அந்தரங்கம் பற்றியது. பெற்றோருக்குத் தெரியும் என்றால் பிள்ளை ஆலோசகரிடம் உண்மை பேசுவானா? மினசோட்டா மாநிலச் சட்டம், மது, போதை தொடர்பான சிகிச்சைக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலே சம்மதிக்க இடம் தருகிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி மைனர் ஒருவரின் நியமனப் பிரதிநிதி அவருடைய சட்டப்பூர்வப் பாதுகாவலரே. ஆகவே, சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கே கேட்கப்படும் கேள்வி இங்கே பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. எந்த வரிசையில், எந்த எல்லைக்குள் என்பதே நம் கேள்வி. பிள்ளையின் அமர்வுகள் முதலில் முடியவேண்டும். பெற்றோரிடம் எது சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதைப் பிள்ளையோடு பேசி ஒத்துக்கொண்ட பிறகே பெற்றோர் அமர்வு தொடங்கவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்த ஒப்பந்தம் மீறப்படும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். பெற்றோர் அமர்வு தனியாக நடப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது: அது பிள்ளையின் ரகசியத்தைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் இடமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, நம் சூழலில் மிகக் கனமானது: தந்தையே குடிப்பவர் என்றால்? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மது அருந்துபவர். இந்த மாநிலத்துக்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தரும் மரபு புதிதல்ல. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளிகளின் மனைவியருக்கும் குடும்பத்துக்கும் தனித் திட்டம் வைத்து நடத்திவந்திருக்கிறது. அந்த மரபை அப்படியே பிள்ளைகளுக்குப் பெயர்த்துவைப்பதில்தான் சிக்கல். அங்கே குடும்பம் பாதிக்கப்பட்ட தரப்பு. ஆறுதலும் வலிமையும் பெற வருகிறது. இங்கே பெற்றோர் அதிகாரம் உள்ள தரப்பு. அடிக்கவும் படிப்பை நிறுத்தவும் வேலைக்கு அனுப்பவும் அவர்களால் முடியும். வீட்டில் அடி இருக்கிறது என்று பிள்ளையின் அமர்வில் தெரியவந்தால் பெற்றோர் அமர்வைத் தள்ளிவைப்பதே சரி. அங்கே குழந்தைப் பாதுகாப்புதான் முதலில் வரவேண்டும்.

மற்ற குடும்பங்களில் இருவரும் வந்தாகவேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. மயாமியில் ஹோசே சாப்போச்னிக் குழு 1980களில் நடத்திய சோதனைகள், குடும்பத்தில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டே குடும்பச் சிகிச்சையின் பலனைப் பெருமளவு எட்டமுடியும் என்று காட்டின. அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பாட்டியோ, சித்தப்பாவோ, தாய்மாமனோ ஆகலாம். நடைமுறையில் தாய்தான் வருவார், வந்ததும் "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்ற பழியும் அவர்மேல்தான் விழும். அமர்வின் முதல் பத்து நிமிடத்தில் ஆலோசகர் இறக்கிவைக்கவேண்டிய சுமை அது.

6. வரமாட்டார்கள் என்ற முறையீடு

"கூப்பிட்டால் பெற்றோர் வருவதே இல்லை" என்பது பள்ளிகளில் தவறாமல் கேட்கும் முறையீடு. கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பகல் பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வருவது என்றால் அன்றைய கூலி போயிற்று என்று பொருள். போனால் கேஸ் ஆகிவிடுமோ, டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் சேர்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவு, சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தவரைத்தான் தண்டிக்கிறது என்று அந்தப் பெற்றோரிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. சாப்போச்னிக் குழுவின் 1988ஆம் ஆண்டுச் சோதனை, வராமையைக் குடும்பத்தின் அக்கறையின்மையாகப் பார்க்காமல் சிகிச்சையின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. வழக்கமான முறையில் அழைத்தபோது 42 விழுக்காட்டுக் குடும்பங்களே சேர்ந்தன. யார் தயங்குகிறார், ஏன் என்று தொலைபேசியிலும் நேரிலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி அழைத்தபோது 93 விழுக்காட்டுக் குடும்பங்கள் சேர்ந்தன. குடும்பங்கள் ஒரே மாதிரியானவை. வேறுபட்டது அழைத்த விதம்.

யார் இதை நடத்துவது என்ற கேள்விக்குக் கோவாவின் சங்காத் அமைப்பு பாதி விடை தந்திருக்கிறது. அபாய அளவில் குடிக்கும் 377 ஆண்களிடம், உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்களை வைத்து நான்கு அமர்வுகளுக்கு மிகாத திட்டம் ஒன்றைச் சோதித்து, 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். வழக்கமான கவனிப்பைவிடப் பலன் கூடுதலாக இருந்தது. அவர்கள் பெரியவர்கள் என்பதால் அதைப் பதின்பருவத்தினருக்கு நீட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகரால் இது ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது, டி.சி. கொடுக்கும் அதிகாரமும் ரகசியம் காக்கும் பொறுப்பும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடும் சோதனை ஒன்று வேண்டும் என்றால், அது பெற்றோர் உண்டு, பெற்றோர் இல்லை என்று இரண்டு குழுக்களோடு நின்றுவிடக் கூடாது. பெற்றோரை வழக்கம்போல் தலைமையாசிரியர் அறைக்கு வரவழைத்த பிள்ளைகள் ஒரு குழு. இரண்டு அமர்வு மட்டும் பெற்ற பிள்ளைகள் ஒரு குழு. அதோடு மாலை ஆறு மணிக்குமேல், பள்ளிக்கு வெளியே, வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனி அமர்வு நடந்த பிள்ளைகள் ஒரு குழு. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அளக்கவேண்டியது பயன்பாட்டை மட்டுமல்ல, அந்த மாதங்களில் பிள்ளை வீட்டில் தானாக எத்தனை விஷயங்களைச் சொன்னான் என்பதையும், யாருடைய பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கியது என்பதையும். முதல் குழுவின் கணக்கு இதுவரை எங்கும் எடுக்கப்படாமலே அந்த முறை நடைமுறையில் இருந்துவருகிறது.